பழைய கட்டடம், பல உரிமையாளர்கள்: கூரைச் செலவு யார் தலையில்?

மேல்மாடி_வாசி:
வணக்கம். நூறு வருடத்தைத் தாண்டிய ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருக்கிறேன். ஒரு காலத்தில் கிடங்காக இருந்ததைப் புதுப்பித்து, தரைத்தளமும் முதல் தளமும் அலுவலகங்கள், அதற்கு மேல் வீடுகள் என்று பிரித்து விற்றார்கள். உள்ளே அவரவர் பகுதி அவரவருக்குச் சொந்தம். சுவர், படிக்கட்டு, லிஃப்ட், முற்றம், மழைநீர்க் குழாய் எல்லாம் பொது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் முகப்பில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும்.

வசிக்க அருமையான இடம்தான். உயரமான கூரை, முழங்கை ஆழத்துக்கு ஜன்னல் திண்டு, பகலில் விளக்கே தேவையில்லை. ஆனால் மழை பெய்தால் படுக்கையறை மூலை முழுக்க ஊறல். கூரையைப் பழுதுபார்க்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அலுவலகக்காரர்கள் சொன்ன பதில்: "கூரை உங்களுக்கு மேலே இருக்கிறது. எங்களுக்கு மேலே நீங்கள்தான் இருக்கிறீர்கள்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஓட்டு பரப்பளவுக் கணக்கில் என்பதால் தீர்மானம் தோற்றுவிட்டது. பெரிய பெரிய கூடங்கள் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக் கலந்து குடியிருக்கும் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பத்திரம்_படிப்பவள்:
அவர்கள் சொன்ன வாதத்துக்கு வயது இருநூறுக்கு மேல். பதிலுக்கும் அதே வயதுதான்.

1804ஆம் ஆண்டு பிரான்ஸில் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பில், ஒரே வீட்டின் மாடிகள் வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருந்தால் என்ன செய்வது என்று 664ஆம் பிரிவு சொன்னது. பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், பிரதான சுவர்களும் கூரையும் எல்லோர் பொறுப்பு. அவரவர் மாடியின் மதிப்புக்கேற்பப் பணம் போட வேண்டும். தான் நடக்கும் தரையை அவரவரே செய்துகொள்ள வேண்டும். முதல் மாடிக்காரர் தன் வாசல்வரை படிக்கட்டு கட்ட வேண்டும், இரண்டாம் மாடிக்காரர் அங்கிருந்து தன் வாசல்வரை. படிக்கட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தவர்கள்கூடக் கூரையைப் பிரிக்கவில்லை, கவனியுங்கள்.

பிறகு 1938இல் தனிச் சட்டம் வந்தது, அதற்கும் பிறகு 1965இல் இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம். அது செலவை இரண்டாகப் பார்க்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றும் செலவும் நிர்வாகச் செலவும் ஒவ்வொருவர் பங்கின் மதிப்புப்படி. லிஃப்ட் போன்ற பொது வசதிகளின் செலவு, அதனால் யாருக்கு எவ்வளவு பயன் என்பதன்படி. ஆகவே பிரான்ஸில் தரைத்தளத்துக்காரர் "லிஃப்டுக்கு நான் தரமாட்டேன்" என்று சொல்ல இடம் இருக்கிறது. "கூரைக்குத் தரமாட்டேன்" என்று சொல்ல இடமில்லை.

உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். அதனால் சண்டையைத் தொடங்கும் முன் கிரயப் பத்திரத்தையும் சங்கத்தின் துணைவிதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: 'பொதுப் பகுதி' என்பதற்கு அங்கே என்ன வரையறை? கூரை அதில் இருந்தால் முக்கால்வாசி வழக்கு முடிந்தது. மொட்டைமாடி உரிமையை மேல்தளத்துக்குத் தனியாக விற்றிருந்தால் கதையே வேறு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் கூரை இல்லையே? சுவர், படிக்கட்டு, லிஃப்ட், முற்றம், குழாய் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

மேல்மாடி_வாசி:
எழுதும்போது விட்டுப்போனது, பத்திரத்தில் இருக்கிறது. "அடித்தளம், தாங்கு சுவர்கள், கூரை, வடிகால்" என்று வரிசையாகவே எழுதியிருக்கிறார்கள்.

பத்திரம்_படிப்பவள்:
அப்படியென்றால் நீங்கள் போட்ட தீர்மானத்தின் வார்த்தைகள்தான் பிரச்சினையாக இருக்கலாம். "கூரையைப் புதுப்பிக்க அனுமதி" என்று கேட்டால் அது மேம்பாடு மாதிரித் தோன்றும், ஓட்டுக்குப் போகும், தோற்கும். "பொதுப் பகுதியில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்தல்" என்பது சங்கத்தின் கடமை. பெரும்பாலான நாடுகளின் அடுக்குமாடிச் சட்டங்கள் இந்த இரண்டையும் வேறுபடுத்துகின்றன. கடமையைச் செய்யாமல் இருக்கப் பெரும்பான்மை ஓட்டு போதாது.

ஓட்டுக் கணக்கைப் பற்றி இன்னொன்று. அதே 1965 சட்டத்தில் ஓர் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஆளிடம் பாதிக்கு மேல் பங்கு இருந்தால், மற்ற எல்லோருடைய ஓட்டும் சேர்ந்து எவ்வளவோ அந்த அளவுக்கு அவருடைய ஓட்டு குறைக்கப்படும். அலுவலகம் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் கட்டடங்களில் இப்படி ஒரு பிடி இல்லாவிட்டால் வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்குப் போவதே வீண்.

கீழ்த்தள_ஆபீஸ்:
இந்த இழையில் எதிர்க்கட்சி யாருமில்லை போலிருக்கிறதே, நான் வருகிறேன். என்னுடையது வேறு கட்டடம். ஆனால் அதே மாதிரிதான்: முன்னாள் அலுவலக மாளிகை, கீழே நாங்கள், மேலே குடும்பங்கள்.

கூரைக்குத் தரமாட்டோம் என்பது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பைப் பரப்பளவுப்படி பிரிக்கிறார்கள். நாங்கள் தரைத்தளம். லிஃப்ட் பொத்தானை அழுத்தியதே இல்லை, ஆனால் மிகப் பெரிய தொகை எங்களுடையது. பகலில் வாடிக்கையாளர் வர வாசல் திறந்திருக்க வேண்டும். பூட்டி வை என்கிறார்கள் மேலே. ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாங்கள் யாருமே இல்லை, ஆனால் இரவுக் காவலாளிச் சம்பளத்திலும் பெரும்பங்கு எங்களுடையது. முகப்பில் ஒரு சின்னப் பித்தளைப் பெயர்ப்பலகை கேட்டோம், பாரம்பரியம் கெட்டுப்போகும் என்றார்கள். அதே ஆட்கள் பக்கவாட்டுச் சுவரில் கார்னிஸை (சுவரில் துருத்தி நிற்கும் அலங்கார விளிம்பு) உடைத்து ஏசி யூனிட் மாட்டினால் அது அவசியம்!

இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த கோபம் கூரைத் தீர்மானம் வரும் அன்றைக்கு வெடிக்கும். உங்கள் ஆட்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு கணக்கு பாக்கி இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கை:
பணத்தைப் பற்றி நீங்கள் பேசி முடிப்பதற்குள் அடிப்படைக் கேள்வி ஒன்று. தண்ணீர் கூரை வழியாகத்தான் வருகிறது என்று யார் சொன்னது?

பழைய கட்டடங்களில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மேல்தள மூலை ஊறலில் கூரை ஓடோ தளமோ குற்றவாளியாக இருப்பதைவிட, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வாய்க்கால் குற்றவாளியாக இருப்பது அதிகம். இந்த மாதிரி முகப்புகளில் கூரைச் சரிவு வெளியே தெரியாமல் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டுவார்கள். தண்ணீர் அதற்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் ஓடி, குழாய் வழியாக இறங்கும். சில இடங்களில் அந்தக் குழாய் சுவருக்குள்ளேயே போகும். ஒரு புறாக்கூடு போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் வெளிப்பக்கம் வழிவதில்லை. உள்பக்கம், உத்தரத்தின் முனை சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போகிறது. உங்களுக்குத் தெரிவது சுவரில் ஒரு கறை. கவலைப்பட வேண்டியது அந்த மர முனையைப் பற்றி. அங்கே வருடக்கணக்கில் ஈரம் நின்றால் உத்தரம் வெளியே பளபளப்பாகவும் உள்ளே பொடியாகவும் இருக்கும்.

அதனால் மழை பெய்யும்போதே ஒருவரை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் (பாதுகாப்பாக). வெயில் நாளில் வந்து பார்த்துவிட்டு "முழுக் கூரையும் மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்ததாரரை நம்ப வேண்டாம்.

இன்னொரு தகவல் வேண்டும். உள்சுவர்ப் பூச்சு என்ன? சுண்ணாம்பா, சிமெண்டா?

மேல்மாடி_வாசி:
மாற்றிக் கட்டியபோது உள்ளே எல்லா இடத்திலும் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் பளபளப்பான பெயிண்ட். ஊறல் உள்ள இடத்தில் பெயிண்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளையாகப் பொடி இருக்கிறது. வெளியே செங்கல் தெரிகிற சுவர். செங்கல்களுக்கு நடுவே உள்ள இடைப் பூச்சை மட்டும் புதிதாகச் செய்திருக்கிறார்கள், சாம்பல் நிறம்.

சுண்ணாம்புக்கை:
பயந்ததுதான்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கின்றன, அவை வேலை செய்யும் விதமே வேறு. நனையாமல் இருப்பது அந்தச் சுவரின் திட்டமே இல்லை. மழையில் கொஞ்சம் நனையும், பிறகு சாந்து வழியாக ஈரம் ஆவியாகிப் போய்விடும். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். அசைவோ ஈரமோ உப்போ எது வந்தாலும் முதலில் சாந்து தேயும், செங்கல் தப்பிக்கும். தேய்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

அந்த இடுக்கில் சிமெண்டை அடைத்தால் ஈரத்துக்கு ஒரே வழி செங்கல்தான். உப்பு செங்கலின் முகத்துக்கு அடியில் படிகமாகி, முகத்தை ஏடு ஏடாகப் பெயர்த்துவிடும். உங்கள் சாம்பல் நிற இடைப் பூச்சைச் சுற்றிச் செங்கல் குழிந்து, பூச்சு மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். நின்றால் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. உள்ளே பார்த்த வெள்ளைப் பொடியும் உப்புதான்.

யாராவது வந்து "நீர்ப்புகா ரசாயனம் அடித்துவிடுகிறேன், பத்து வருட உத்தரவாதம்" என்பார். வேண்டாம். உள்ளே போன தண்ணீரைச் சுவருக்குள் பூட்டி வைக்கிற வேலை அது. வரிசை இப்படி: வாய்க்காலையும் குழாயையும் சரிசெய்யுங்கள். பாதிக்கப்பட்ட இடத்தில் சிமெண்டைக் கொத்தி எடுங்கள், இயந்திரம் வேண்டாம், கை உளி. சுவரைச் சும்மா விடுங்கள். கனத்த சுவர் உலர 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. உங்கள் சுவர் 450 மில்லிமீட்டர் இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகலாம். அதன்பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. அவசரப்படுத்தினால் அதே கறை திரும்ப வரும்.

இரும்பு வளையமோ கம்பியோ கல்லுக்குள் பதித்திருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கல்லை உள்ளிருந்தே பிளக்கும்.

தூக்கமில்லாதவன்:
ஊறலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாக்கியசாலிகள். எனக்குச் சத்தம்.

நாங்கள் இருப்பது மரத்தளம் போட்ட கட்டடம். உத்தரம், அதன் மேல் பலகை, கீழே பூவேலை செய்த சுண்ணாம்புக் கூரை. மேலே ஒருவர் குதிகால் வைத்தால் எனக்கு நெஞ்சில் விழுகிற மாதிரி இருக்கும். குரல் அவ்வளவு கேட்பதில்லை, நடைதான். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போடலாம் என்றால் பூவேலை பாதுகாக்கப்பட்டது, மறைக்கக் கூடாதாம்.

சுண்ணாம்புக்கை:
அது நியாயமான தடைதான். இதற்கு வைத்தியம் மேலிருந்துதான் செய்ய வேண்டும். மேல் வீட்டுப் பலகையைக் கவனமாக எடுத்து, உத்தரங்களுக்கு நடுவே கனிமக் கம்பளி வைத்து, உத்தரத்தின் தலையில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை ஒட்டி, திரும்பப் பலகை போடுவது. காலடி ஓசை அதிர்வாக இறங்குவதால், இடைவெளியை நிரப்புவதைவிட இணைப்பைத் துண்டிப்பதுதான் அதிகம் உதவும். தரை சற்று உயரும், கதவுகளைக் கீழே சீவ வேண்டிவரும், அந்தக் கதவுகளும் பழையவை என்றால் அதற்கும் அனுமதி.

தூக்கமில்லாதவன்:
அதாவது எனக்குத் தூக்கம் வர, மேல் வீட்டுக்காரர் தன் வீட்டுத் தரையைப் பெயர்க்க வேண்டும். அருமை.

பத்திரம்_படிப்பவள்:
கனமான கம்பளம் விரிக்கச் சொல்லுங்கள். சில கட்டடங்களின் துணைவிதியிலேயே "தரையில் இவ்வளவு பகுதியைக் கம்பளத்தால் மூட வேண்டும்" என்று இருக்கும். நியூயார்க் கூட்டுறவுக் குடியிருப்புகளில் 80 சதவீதம் என்பது வாடிக்கையான விதி.

கோபுரப்புறா:
இழை கொஞ்சம் சோகமாகப் போகிறது, ஒரு வரலாற்று இடைவேளை.

பழைய கட்டடத்தைப் பிரித்து விற்பது ஏதோ நம் காலத்து வியாபாரத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் ஆல்பனி என்று ஒரு மாளிகை. 1770களில் ஒரு பிரபுவுக்காகக் கட்டியது. 1802இல் அதை வாங்கி, பின்னால் இரண்டு நீளத் தொகுதிகள் சேர்த்து, 69 தனிக் குடியிருப்புகளாகப் பிரித்து விற்றார்கள். கவிஞர் பைரன் அங்கே இருந்திருக்கிறார், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனும். இன்றைக்கும் அறங்காவலர் குழு ஒன்று நிர்வகிக்கிறது. அதாவது சங்கக் கூட்டம் இருநூறு வருடமாக நடக்கிறது!

வியன்னாவில் 1896 முதல் 1899 வரை கட்டிய நான்கு எரிவாயுத் தொட்டிகள். செங்கல் வெளிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே நான்கு கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொன்றாக வீடு, அலுவலகம், கடைகள் கட்டினார்கள். 2001இல் முடிந்தது. உருண்டைச் சுவருக்குள் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பாதி ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்க்கும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது குரோஷியாவின் ஸ்ப்ளிட். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்குக் கட்டிய அரண்மனைக்குள் ஏழாம் நூற்றாண்டிலிருந்து மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். யாரும் மாற்றியமைத்துக் கொடுக்கவில்லை, அவர்களாகவே நுழைந்து அவர்களாகவே பிரித்துக்கொண்டார்கள்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனம்கூட, சமூகத்துக்குப் பயன்படும் ஏதாவது ஒரு வேலைக்குக் கட்டடத்தை வைத்திருப்பது அதைப் பாதுகாக்க உதவும் என்றுதான் சொல்கிறது. அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றாமல் என்ற நிபந்தனையோடு.

கீழ்த்தள_ஆபீஸ்:
பைரன் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

வாங்கலாமா:
இந்த இழையைப் படித்துவிட்டுத் தலை சுற்றுகிறது. இப்படி ஒரு கட்டடத்தில் இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறோம். கணவருக்கு மனது அங்கேயே தங்கிவிட்டது, நான்தான் தயங்குகிறேன். கீழ்த்தளத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். எங்களுக்கு நேர் கீழே முதல் தளத்தையும் அவர்களே வாங்கி ஆவண அறை வைக்கப் போகிறார்களாம். சத்தம் இருக்காது என்று தரகர் சந்தோஷமாகச் சொன்னார். என்ன விசாரிக்க வேண்டும்?

சுண்ணாம்புக்கை:
சத்தம் இருக்காது, உண்மை. எடை இருக்கும்.

ஐரோப்பியக் கட்டுமான விதிகளில் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ சுமை என்று கணக்கு வைப்பார்கள். அலுவலகத்துக்கு 200 முதல் 300. ஆவணக் கிடங்குக்கு 750. காகிதம் அவ்வளவு கனம். கோப்புகளை நெருக்கி அடுக்கும் நகரும் அலமாரி என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் மேல் தளத்துக்கு ஏற்றக் கூடாது. பழைய கிடங்குக் கட்டடமாக இருந்தால் தளம் தாங்கும், அந்தக் காலத்தில் மூட்டை அடுக்கத்தான் கட்டினார்கள். மாளிகையாக இருந்திருந்தால் தாங்காது. முதலில் அந்தக் கட்டடம் என்னவாக இருந்தது என்று கேளுங்கள்.

வார்ப்பிரும்புத் தூண்கள் இருந்தால் அழகு என்று மயங்காமல், தீப்பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சூடான வார்ப்பிரும்பில் தீயணைப்புத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. கனத்த மர உத்தரம் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியாகும், உள்மரம் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பழைய புகைபோக்கிக் குழல்கள், பலகைச் சுவருக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் இவற்றின் வழியாகப் புகை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். மாற்றிக் கட்டியபோது அவற்றை அடைத்தார்களா என்பதற்கு வரைபடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம்_படிப்பவள்:
வாங்கலாமா அவர்களுக்கு: தரகரை விடுங்கள். சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான். குறிப்பில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று முடிந்தால், அந்தக் கூரையை நீங்கள் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

கார்பஸ் நிதியில், அதாவது பெரிய செலவுகளுக்குச் சங்கம் சேர்த்து வைக்கும் பணத்தில், என்ன இருக்கிறது? மாதக் கட்டணம் குறைவு என்று விளம்பரப்படுத்தினால் சந்தோஷப்பட வேண்டாம். சாதாரண அடுக்குமாடியைவிட இங்கே எல்லாமே அதிகமாகும்: கைவேலை, தனி அளவில் ஜன்னல், அனுமதிக்காகக் காத்திருப்பு. கட்டணம் குறைவாக இருந்தால் யாரோ எதையோ தள்ளிப்போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 1961லேயே அடுக்குமாடி உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் அது, இப்போது சங்கங்கள் பத்து வருடப் பெரும்செலவுத் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். பிரான்ஸில் வருட வரவு செலவில் குறைந்தது 5 சதவீதம் பழுதுபார்ப்பு நிதிக்குப் போக வேண்டும். உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு திட்டம் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடு முக்கியம், பலர் கவனிப்பதே இல்லை. சந்தை விலைக்குக் காப்பீடு செய்திருந்தால் போதாது. செதுக்கிய கல்லும் வளைந்த மரப்படியும் அப்படியே திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குக் காப்பீடு வேண்டும், அது சந்தை விலையைத் தாண்டலாம். தேவையில் பாதித் தொகைக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், சின்னச் சேதத்துக்குக்கூடப் பாதிதான் தருவார்கள். "சராசரி விதி" என்று பத்திரத்தில் ஒரு மூலையில் இருக்கும்.

வாங்கலாமா:
கூட்டக் குறிப்பு கேட்டேன். "அதெல்லாம் வாட்ஸப்பில்தான் பேசிக்கொள்வோம்" என்றார்கள்.

கீழ்த்தள_ஆபீஸ்:
அம்மா, ஓடுங்கள்.

கோபுரப்புறா:
அவ்வளவு பயமுறுத்த வேண்டாம். சின்னச் சங்கங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன, நல்ல ஆட்களாகவும் இருப்பார்கள். நான் இப்படி ஒரு கட்டடத்தில்தான் நீண்ட காலமாக இருக்கிறேன். பகலில் அலுவலக ஆட்கள் இருப்பதால் கட்டடம் ஆளில்லாமல் கிடப்பதில்லை, ராத்திரியும் விடுமுறையும் முழுக்க எங்களுடையது. வண்டி நிறுத்தும் இடத்தைக்கூட நேரம் பிரித்துப் பகிர்ந்துகொள்கிறோம். வெறும் குடியிருப்பிலோ வெறும் அலுவலகத்திலோ இது கிடைக்காது.

பத்திரம்_படிப்பவள்:
நல்ல ஆட்கள் வீட்டை விற்றுவிட்டுப் போவார்கள், புறா. வாய்மொழி ஏற்பாடு அவர்களோடு போய்விடும். எழுதி வைக்காத சங்கம் ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். வண்டி நிறுத்தும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

நெறியாளர்:
ஏசி யூனிட் பற்றிய தனிச் சண்டையை (பதினெட்டுப் பதிவுகள்!) வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே கூரை, ஊறல், செலவுப் பங்கீடு மட்டும்.

மேல்மாடி_வாசி:
எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்புக்கை சொன்னபடி மழையில் ஆளை ஏற்றிப் பார்த்தோம். வாய்க்கால் பாதி மண், குழாயின் வாயில் ஒரு செடி வேர் விட்டிருக்கிறது. கூரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, சில இடங்களில் மட்டும் மாற்ற வேண்டும். முகப்புச் செங்கல்லும் அவர் சொன்ன மாதிரியே குழிந்திருக்கிறது, அதுவும் முதல் தள அலுவலக ஜன்னலைச் சுற்றித்தான் அதிகம். அவர்கள் இதுவரை கவனிக்கவில்லை.

இப்போது செலவில் பெரிய பகுதி சாரம் கட்டுவதற்கு. அதைப் பார்த்ததும் திரும்பவும் "சாரம் உங்களுக்காகத்தானே" என்று ஆரம்பித்திருக்கிறார்கள்.

பத்திரம்_படிப்பவள்:
சாரத்தை உங்கள் வேலையாகக் காட்டாதீர்கள். ஒரே சாரத்தில் வாய்க்கால், கைப்பிடிச் சுவர், முதல் தள ஜன்னலைச் சுற்றிய செங்கல், முகப்பு இடைப் பூச்சு எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாகப் போடுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டு தடவை சாரம் கட்ட வேண்டும், இரண்டாவது தடவை அவர்களுக்காக. பொறியாளர் அறிக்கையில் தளவாரியாகப் பழுதைப் படத்தோடு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் ஜன்னல் இருக்கும் பக்கம் முதலில் வரட்டும்.

கூடவே லிஃப்ட் செலவைப் பயன்படி பிரிக்க ஒரு தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். கீழ்த்தள_ஆபீஸ் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், அது உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனால் கூரைக்குப் பங்கு கேட்க வாய் இருக்கும்.

கீழ்த்தள_ஆபீஸ்:
லிஃப்ட் தீர்மானத்தை மேல்தளத்துக்காரரே கொண்டுவந்தால் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அன்றைக்கே கையைத் தூக்குவார்கள். சாரம் நிற்கும்போது பெயர்ப்பலகைக்கும் ஒரு பொது வடிவம் பேசி முடித்துவிடுங்கள். எல்லா அலுவலகத்துக்கும் ஒரே அளவு, ஒரே எழுத்து, அனுமதிக்கு ஒரே விண்ணப்பம்.

எனக்கே இப்போது ஒரு சந்தேகம். எங்கள் கட்டடத்திலும் அடுத்து சாரம்தான். சாரத்தைச் சுவரோடு பிணைக்க ஓட்டை போடுவார்களே, அந்தப் பழைய கல்லில் போடலாமா?

சுண்ணாம்புக்கை:
கல்லிலும் செங்கலிலும் போடக் கூடாது. முடிந்தவரை தானாக நிற்கும் சாரம் கேளுங்கள், ஜன்னல் திறப்புக்குள் குறுக்குக் கட்டை கொடுத்து இறுக்கிக்கொள்ளலாம். பிணைத்தே ஆக வேண்டுமென்றால் ஓட்டை சாந்து இடுக்கில் மட்டும் விழ வேண்டும், ஆணி துருப்பிடிக்காத எஃகு, வேலை முடிந்ததும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். குழாய் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடச் சொல்லுங்கள், கல்லில் உரசாது. இதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாரம் கட்டும் குழு காலையில் வந்து மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விடும், அப்புறம் போய்ச் சொல்லிப் பயனில்லை.